எட்டில் மூன்று கழித்த கோல்ப் மாஸ்டர்

முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம். மாத்தளையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பதினேழு வருஷம் கோல்ப் மாஸ்டராக இருந்தேன். அந்தப் பதினேழு வருஷத்திலும் சரி, அதற்கு முன்னும் பின்னும் சரி, ஒரு கோல்ப் பந்தைக்கூட நான் அடித்ததில்லை. இதை ஒரு தரம் எங்கள் பங்குச் சாமியாரிடம் முழங்காலில் நின்று சொன்னேன். "இது எந்தக் கட்டளைல வரும்னு யோசிச்சுப் பார்க்கணும் பெனடிக்" என்றார். பிறகு கூண்டுக்குள்ளிருந்து சிரிப்பை அடக்கும் சத்தம் மட்டும் வந்தது. (பாவம் சொல்லப் போய் சாமியாரைச் சிரிக்க வைத்தவன் இந்த மறைமாவட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.)

அடித்ததில்லையே தவிர, பந்தைத் தேடியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், அட்டைக் கடி வாங்கி ஓடைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறேன். எங்கள் தோட்டம் இறத்தோட்டைக்கு மேலே. தோட்டத்துக்கும் மேலே தொரைமார்களுடைய கிளப். அங்கே ஒன்பது குழி வைத்த கோல்ப் மைதானம். படிக்கிற காலத்தில் சனி ஞாயிறுகளில் பெரிய தொரையின் கோல்ப் பையை ஆறு வருஷம் தூக்கினேன். அவர் முன்னால் நடப்பார், நான் பத்தடி பின்னால் நடப்பேன். அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் ஏவுகிற தமிழ் மட்டும்தான் தெரியும். வா, போ, தூக்கு, வை, ஓடு. கேள்வி கேட்கிற தமிழுக்கு அவருக்கு அவசியம் வந்ததில்லை.

வேலையில் சேர்ந்த அன்றைக்குக் கங்காணி எனக்கு விளையாட்டின் சட்டங்களைச் சொன்னார். "தொரை பந்து புல்லுக்குள்ள போயிருச்சுன்னா, கால் வெரலால கவ்வித் தூக்கி வெளிய வச்சிரு. அந்த நேரம் தொரை எதுத்தாப்புல இருக்கிற மலையப் பார்த்துக்கிட்டு பைப் பத்த வைப்பாரு. பந்து குழிக்கிட்ட ஒரு குடை நீளத்துக்குள்ள நின்னா, விழுந்த மாதிரி. எத்தன அடின்னு கேட்டா, மூணு கழிச்சுச் சொல்லு. அடி எங்க போனாலும் குட் ஷொட் சேர்னு சொல்லணும். கடசியா யாரு பெரியவங்களோ அவங்கதான் ஜெயிக்கணும்." இவ்வளவுதான். இதில் கள்ளம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எந்தத் தொரைக்குப் பை தூக்கிய எவனும் இதைத்தான் செய்தான். பூசையில் எல்லோரும் எழுந்தால் நாமும் எழுகிறோம், யார் போய்ச் சட்டப் புத்தகம் கேட்டது?

வருஷங்கள் போயின. தொண்ணூறுகளின் நடுவில் நான் மாத்தளை டவுனில் அந்தப் பெண்கள் கல்லூரியில் கணித ஆசிரியன். ஆனால் தற்காலிகம். அதுதான் என் வாழ்க்கையின் ஒரே கஷ்டம். ரோஸ்லினை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கும் சம்மதம், எனக்கு இரண்டு மடங்கு சம்மதம். அவளுடைய அப்பா தபால் கந்தோரில் வேலை. ஒரு கடிதத்தில் முத்திரை கொஞ்சம் கோணலாக இருந்தால்கூடத் திருப்பி அனுப்புகிற ஆள். அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "தம்பி நல்ல பையன்தான். ஆனா டெம்பரரி. நாங்க பொண்ணை டெம்பரரியா குடுக்கலீங்களே. பேர்மனன்ட் கடிதம் வரட்டும், கோயில்ல கல்யாண ஓலை வாசிப்போம்."

அந்த நேரம் பார்த்து, பெரிய தொரையின் தொரைசானி மகளோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போனார். தொரை அப்போது தோட்டத்திலிருந்து ஓய்வெடுத்து, கிளப்புக்குத் தலைவராகவும் எங்கள் கல்லூரி நிர்வாக சபையில் ஒருவராகவும் இருந்தார். தொரைசானி விட்டுப்போன கோல்ப் பையைக் கல்லூரிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். எங்கள் அதிபர் மதர் தானமாக வந்த எதையும் வீணாக்கமாட்டார். (ஒரு தரம் யாரோ கொடுத்த முப்பது தொப்பிகளை முப்பது பூச்சாடிகளாக மாற்றியவர்.) ஆசிரியர் கூட்டத்தில் பையை மேசைமேல் வைத்து, "கோல்ப் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. மதர் ஒரு தாளை எடுத்தார். அது என் வேலை விண்ணப்பம். விளையாட்டு என்ற கட்டத்தை வெறுமையாக விடக்கூடாதென்று, நான்தான் என் கைப்பட எழுதியிருந்தேன்: கோல்ப், ஆறு வருட அனுபவம்.

"மிஸ்டர் பெனடிக்" என்றார் மதர். "மூணு மாசத்துல கிளப்ல ஒரு சின்ன மெட்ச். நம்ம பிள்ளைங்க தொரையோட விளையாடணும். அத பார்த்திட்டு அவரு உங்களப் பத்தி ரெண்டு வரி நல்லதா எழுதிக் குடுத்தா, சபைல வச்சு அந்த மாசமே உங்களுக்கு நியமனக் கடிதம் எடுத்துத் தந்திருவேன்."

இரண்டு வரி! இரண்டே வரிக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின் நிற்கிறாள். இந்த நேரத்தில் 'மதர், நான் பை தூக்கினவன்தான்' என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? "செஞ்சிரலாம் மதர்" என்றேன். பிள்ளைகளிடம் போய் இன்னும் ஒரு படி ஏறி, "நான் பெரிய தொரையோட ஆறு வருஷம் விளையாடினவன்" என்று அளந்துவிட்டேன்.

நான்கு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். அதில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருத்தி செல்வமலர், தோட்டத்துப் பிள்ளை, பேசவே மாட்டாள். இன்னொருத்தி நஸீரா. அவளுடைய வாப்பாவுக்கு டவுனில் துணிக்கடை. லீவு நாளெல்லாம் கடையில் நின்று, அளந்த துணியின் கணக்கைக் கல்லாவுக்குக் கேட்கும்படி கத்திச் சொல்லிப் பழகியவள். அவள் மெதுவாகப் பேசினாலே பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும்.

கரும்பலகையில் கங்காணியின் சட்டங்களை ஒழுங்காக எழுதிப் போட்டேன். கணித ஆசிரியன் அல்லவா, கணக்கைச் சமன்பாடாகவே எழுதினேன்: சொல்லும் அடி = அடித்த அடி − 3. நஸீரா கையைத் தூக்கினாள்.

"சேர், எல்லாரும் மூணு கழிச்சா, எதுக்குக் கழிக்கணும்?"

"விளையாட்டுல எதிர்க்கேள்வி கேக்கப்படாது."

"சரி சேர். மூணுக்குக் குறைவா அடிச்சா?"

"அதெல்லாம் அடுத்த வருஷத்துப் பாடம். உக்காரு."

அடிக்கிறதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரிந்தால்தானே? தொரை எப்படி நிற்பார், எப்படி இருமுவார், எப்படித் தொப்பியைச் சரி செய்வார் என்பதையெல்லாம் வெறுங்கையால் நடித்துக் காட்டினேன். செல்வமலர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பா தேயிலையைக் கவ்வாத்து வெட்டுற மாதிரிங்களா சேர்? மணிக்கட்டைச் சுத்தி விட்டாப் போதுமே" என்றாள். "அதேதான், அதைத்தான் நான் சொல்ல வந்தேன்" என்றேன். அவள் சுத்திவிட்டாள். பந்து நெட்போல் மைதானத்தைத் தாண்டி, கொன்வென்ட் சமையலறைக் கூரையைத் தாண்டி, மரவள்ளித் தோட்டத்தில் போய் விழுந்தது. நானே பயந்துபோனேன்.

குழிக்கு என்ன செய்வது? பால்மா டின்களை மைதானத்தில் புதைத்தேன். காலம் எப்படிப்பட்ட காலமென்று யோசிக்கத் தெரியாத மடையன் நான். குண்டுப் பயத்தில், பஸ்ஸில் சாப்பாட்டுப் பார்சலைக்கூடத் திறந்து காட்ட வேண்டிய நாட்கள். அந்த நாட்களில் ஒரு தமிழ் ஆள், வெட்டவெளியில், ஆறு இடத்தில் மண்ணைத் தோண்டி டின் புதைக்கிறான்! மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்? அரை மணி நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது.

சார்ஜன்ட் தரையில் படுத்து, டின்னுக்குள் ஒரு குச்சியை மெல்ல விட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு பந்தும் இரண்டு தவளையும் இருந்தன. "நீ யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். கோல்ப் மாஸ்டர் என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "அப்படியா, ஒன்று அடித்துக் காட்டு பார்ப்போம்" என்றார். அடித்தால் மாஸ்டர் இல்லையென்று தெரிந்துவிடும், அடிக்காவிட்டால் ஜீப்பில் ஏற வேண்டும். "நான் அடிச்சா பந்து தம்புள்ளைக்குப் போயிரும் மாத்தயா, மாணவி அடிக்கட்டும்" என்று சிங்களத்தில் சொல்லி, கோல்ப் மட்டையைப் பக்கத்தில் நின்ற செல்வமலர் கையில் கொடுத்தேன். அவள் மணிக்கட்டைச் சுத்தினாள். சார்ஜன்ட் கூரைக்கு மேலே பந்து போவதை வாய் பிளந்து பார்த்தார். போகும்போது எனக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். அந்த சல்யூட்டுக்குப் பிறகு எனக்கே நான் கோல்ப் மாஸ்டர்தான் என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. (கெட்டவனுக்குக் கேடு அப்படித்தான் ஆரம்பிக்கும்.)

மெட்ச் நாள் வந்தது. கிளப் முற்றத்தில் சுற்றுவட்டாரத் தோட்டத்துத் தொரைமார்கள், அவர்களுடைய மனைவிமார்கள், மதர், இரண்டு சிஸ்டர்மார், மேசை நிறைய கேக், சான்ட்விச். என் வருங்கால மாமா கோட் போட்டு வந்திருந்தார். மாப்பிள்ளையின் திறமையை நேரில் பார்க்க வேண்டுமாம். பக்கத்தில் மஞ்சள் சேலையில் ரோஸ்லின். நான் அவள் பக்கமே திரும்பவில்லை.

தொரை வந்தார். கிழடு தட்டியிருந்தாலும் அதே தொப்பி, அதே இருமல். சுவரில் அவர் வென்ற கப்கள் வரிசையாக இருந்தன. மதர் என்னை அறிமுகப்படுத்தினார். தொரை என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஆறு வருஷமும் நான் அவருடைய முதுகுக்குப் பின்னால்தானே இருந்தேன்!

செல்வமலர் தொரையோடு விளையாடுவதாக ஏற்பாடு. அந்த இடத்தில்தான் மதருக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. (நல்லவர்களுடைய நல்ல எண்ணங்களால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.) "தொரையோட பையை நம்ம பிள்ளையே தூக்கட்டும், மரியாதையா இருக்கும்" என்று சொல்லி, நஸீராவை முன்னால் தள்ளிவிட்டார்.

தொரை முதல் அடி அடித்தார். பந்து நேராக இடுப்பளவு மானாப் புல்லுக்குள் போனது. "குட் ஷொட் சேர்!" என்று நான்கு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். நஸீரா ஓடினாள். சப்பாத்தைக் கழற்றினாள். கால்மேஸையும் கழற்றி மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தாள். பிறகு கடைக் குரலில், முற்றம் முழுக்கக் கேட்கும்படி, "சேர், மலையைப் பாருங்க!" என்றாள்.

தொரை திரும்பி மலையைப் பார்த்தார். யோசித்துத் திரும்பவில்லை, உடம்பு தானாகத் திரும்பியது. கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்ப் பைப்பை எடுத்தது. நஸீரா கால் விரலால் பந்தைக் கவ்வி, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து, நல்ல புல்லாகப் பார்த்து வைத்தாள்.

"ஒரு யார் தூரம் வெளிய வச்சிருக்கேன் சேர். போதுமா, இன்னும் கொஞ்சம் விடவா?"

முற்றத்தில் ஒரு தொரைசானியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இது சட்டம் இல்லை. இது ஒருபோதும் சட்டமாக இருந்ததில்லை. என் முப்பத்திரண்டாவது வயதில், முழு மாத்தளைத் தொரைமார்களுக்கும் வருங்கால மாமனாருக்கும் முன்னால் நின்றுகொண்டு, கங்காணி எனக்குச் சொல்லிக்கொடுத்தது கோல்ப் இல்லையென்று கண்டுபிடித்தேன். ஐயோ, இயேசுவே!

நிறுத்த எனக்கு இடமே கிடைக்கவில்லை. தொரை அடிக்க, பந்து நகர, அடிக்க, நகர, கடைசியில் குழிக்குப் பக்கத்தில் நின்றது. நஸீரா குடையைப் புல்லில் கிடத்தி அளந்தாள். "குடைக்குள்ள இருக்கு. விழுந்த மாதிரி" என்று பந்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு முற்றத்தைப் பார்த்து, கல்லாவுக்குச் சொல்வதுபோல், "சேருக்கு எட்டு அடி! மூணு கழிச்சா அஞ்சு! செல்வமலருக்கு நாலு! ஆனா பெரியவங்கதான் ஜெயிக்கணும், அதனால செல்வமலருக்கு ரெண்டு கூட்டி ஆறு! சேர் ஜெயிச்சிட்டாரு!" என்றாள்.

மதர் மட்டும் கைதட்டினார். வேறொருவரும் தட்டவில்லை. தொரையிடம் இருபது வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்த ஒரு நடுவயதுத் தொரை மெல்ல எழுந்து, சுவரிலிருந்த கப்களையும் நஸீராவின் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

தொரையின் முகம் பீட்ரூட். "பழக்கினவனைக் கூப்பிடு!"

"எங்க பெனடிக் சேர்" என்றாள் நஸீரா, ரொம்பப் பெருமையாக. "அவரு உங்களோட ஆறு வருஷம் விளையாடினவரு இல்லையா சேர்? நீங்க இப்பிடித்தான் எல்லாக் கப்பும் எடுத்தீங்களாம்."

எல்லாக் கண்ணும் என்மேல். தொரை என்னை நோக்கி இரண்டு அடி வைத்தார். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், கர்த்தர் சாட்சி. ஆனால் அந்த முகத்துக்கும் அந்தத் தொப்பிக்கும் என் வாய்க்குப் பழகிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான்.

"குட் ஷொட் சேர்" என்றேன்.

தொரை அப்படியே நின்றுவிட்டார். முகத்தை அவருக்குத் தெரியாது, ஆனால் அந்தக் குரலை ஆறு வருஷம் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறார். கண்ணைச் சுருக்கினார். "நீ..." என்றார். பிறகு தன் பழைய தமிழில், "வா" என்றார்.

கிளப்புக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். அடிப்பார் என்றே நினைத்தேன். அடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். பைப் பற்ற வைக்கத்தான் மலையைப் பார்த்தாராம். காற்று அந்தப் பக்கம் கொஞ்சம் குறைவாம். பந்து நல்ல இடத்தில் கிடப்பது தன் கை ராசி என்று நினைத்தாராம். அரைவாசி இங்கிலீஷிலும் அரைவாசி சிங்களத்திலுமாகச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் தமிழுக்கு வந்தார். கேட்கத் தெரியாததால் அதையும் ஏவலாகத்தான் சொன்னார்.

"சொல்லு. ஒரு கப். நான் ஜெயிச்சது. ஒண்ணு சொல்லு."

பொய் சொல்லி எனக்குப் பாடம் கிடைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இருக்குங்க தொரை" என்றேன். "மழை கொட்டின வருஷம். எனக்குப் பந்து எங்க கெடக்குன்னே தெரியல. நான் தேடி வர்றதுக்குள்ள நீங்களே அடிச்சு முடிச்சிட்டீங்க. அந்தக் கப் முழுசா ஒங்களோடது."

தொரை தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பினால், தொட்டிக்கு அந்தப் பக்கம் என் வருங்கால மாமா நிற்கிறார். கழிப்பறை தேடி வந்தவர். கையில் பாதி கேக்.

போகும் பஸ்ஸில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரோஸ்லின் முன் சீட்டில் தலை குனிந்திருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் செத்துக்கொண்டிருந்தேன். (சிரித்திருக்கிறாள். பிறகுதான் தெரியும்.) பாதி வழியில் மாமா கேட்டார்.

"அந்த மழைக் கப். அது நெசமா?"

"இல்லீங்க" என்றேன். "அன்னைக்கும் பந்து என் கால் வெரல்லதான் இருந்துச்சு."

"ம்" என்றார். மீதிக் கேக்கை வாயில் போட்டுக்கொண்டார். சரி, கதை முடிந்தது, இனி ஓலையும் இல்லை, கோயிலும் இல்லை என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மதர் கூப்பிட்டார். மேசையில் தொரையின் கடிதம். இங்கிலீஷில், சரியாக இரண்டு வரி: 'இந்த மனிதனுக்குத் தெரிந்த அளவுக்குக் கோல்ப் இந்த மாவட்டத்தில் வேறு எவருக்கும் தெரியாது. எக்காரணம் கொண்டும் இவரை வெளியே விட வேண்டாம்.' மதருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு சேர்ட்டிபிகேட்டை நான் பார்த்ததே இல்ல" என்றார். நானும் பார்த்ததில்லை. அந்த மாசமே நியமனக் கடிதம் வந்தது. ஆசிரியர், கணிதம் மற்றும் கோல்ப். அங்கே இருந்தவரை அந்த 'மற்றும்' என்னை விட்டுப் போகவில்லை. செல்வமலருக்குச் சரியான சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது தோற்றுப்போன அந்த நடுவயதுத் தொரைதான். அவள் கொழும்பு வரைக்கும் போய் விளையாடினாள். நான் பின்னால் போய்ப் பை தூக்கினேன். விரலைச் சப்பாத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கோயிலில் ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது. நியமனக் கடிதத்துக்குத்தான் மாமா மசிந்தார் என்று வெகு காலம் நினைத்திருந்தேன். அவர் காலமாகி முப்பதாம் நாள் பூசை முடிந்து வரும்போதுதான் ரோஸ்லின் சொன்னாள். அந்த மெட்ச் நாளன்றே, வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, அவளுடைய அம்மாவிடம் மாமா சொன்னாராம்:

"கடிதம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். ஆறு வருஷம் பின்னால நடந்தவன் மொகம்கூட அந்தத் தொரைக்குத் தெரியல. அவருக்கே எரக்கப்பட்டு மூணு கழிக்கிறான். நம்ம பொண்ணுக்குக் கழிக்க மாட்டானா?"

நான் கைக்குட்டையை எடுத்தேன். எடுத்ததை அவள் பார்த்துவிட்டாள், அதோடு போச்சு. இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால், "மூணு கழிச்சுக்குங்க" என்கிறாள். மகளும் அதையே பழகிவிட்டாள். போன மாதம் என் ஸ்கூட்டரை எங்கோ மோதிக்கொண்டு வந்து, கழன்றுபோன முன் விளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அப்பா," என்றாள், "கொஞ்சம் மலையைப் பாருங்க."

நான் திரும்பி மலையைப் பார்த்தேன்.